ஒரே குடுவை

மருத்துவமனையின் பின்பக்கச் சாக்கடையிலிருந்துதான் அதைப் பிடித்தார்கள். நீளக் கம்பியின் நுனியில் பாட்டிலைக் கட்டி இறக்கி, சாம்பல் நிறத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தவள் அக்கா. வடிகட்டி, சுழற்றி, மறுபடி வடிகட்டி, கண்ணாடி போலத் தெளிந்த பிறகு ஒரு துளியைத் தட்டில் விட்டாள். தட்டில் பாலாடை படிந்தது போலப் பாக்டீரியா வளர்ந்திருந்தது. மறுநாள் அந்த ஆடையில் ஓட்டை விழுந்தால் அங்கே பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் இருக்கிறது என்று பொருள்.

தட்டிலிருந்த பாக்டீரியா அவள் தம்பியின் காலிலிருந்து எடுத்தது.

தம்பி உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பவன். சாரம் சரிந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறியது போலத் தெரிந்தது. பிறகு ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம் திறந்துகொண்டது. அதிலிருந்து சீழ் வருவது நிற்கவே இல்லை. எந்த ஆண்டிபயாட்டிக்குக்கும் அது மசியவில்லை. தகட்டைக் கழற்றினார்கள், எலும்பைச் சுரண்டினார்கள், காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அக்கா அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பது பெரிய அதிர்ஷ்டம் என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள்.

"சாக்கடைத் தண்ணியா? எனக்கா?" என்றான் தம்பி.

"சாக்கடைல பிடிச்சது. அதையே ஊத்த மாட்டோம். சுத்தம் பண்ணித்தான் குடுப்போம்."

"சின்ன வயசுல நான் சாக்கடைல விழுந்தப்ப வீட்டுக்குள்ளயே வராதேன்னு கதவைச் சாத்தினவ நீ."

"அப்ப உன் நாத்தம் அப்படி."

அவன் மனைவி கட்டிலின் கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தாள். தட்டின் படத்தைக் கைபேசியில் அக்கா காட்டியபோது வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டுப் பொட்டா இருக்கே, இதா?"

"அதான் ஓட்டை. ஒவ்வொண்ணும் நம்ம வைரஸ் தின்னு தீர்த்த இடம்."

"ஓட்டை விழுந்தா சந்தோஷப்படுற ஒரே ஆபீஸ் உங்களோடதுதான் அண்ணி. எங்க வீட்டுக் கூரையக் கொண்டுவந்து காட்டினா உங்களுக்குப் பதவி உயர்வே கிடைக்கும்."

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த கட்டில்காரர் கூட எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

எலும்பு டாக்டர் சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அக்காவை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவது அந்த அம்மாவின் வழக்கம்.

"இந்த வாரக் கடைசி வரைக்கும் உங்க மருந்துக்கு விடுறேன். அதுக்குள்ள காய்ச்சல் இறங்கணும். இல்லன்னா முழங்காலுக்கு மேல எடுத்துடுவேன். ரத்தத்துல ஏறிட்டா அப்புறம் என்கிட்டயும் ஒண்ணும் இல்ல, உங்ககிட்டயும் ஒண்ணும் இல்ல."

சாரத்தில் நிற்பவனுக்கு இரண்டு காலும் வேண்டும். அவனுக்குத் தெரிந்த வேறு தொழில் எதுவும் இல்லை.

ஆய்வகம் தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னலே கிடையாது. குளிர்பெட்டிகளின் முனகலும் குடுவைகளைக் குலுக்கும் இயந்திரத்தின் தடதடப்பும் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். வைரஸ்களுக்கு எண் உண்டு. ஆனால் எண்ணைச் சொல்லி அங்கே யாரும் பேசுவதில்லை. சாக்கடையில் கிடைத்தது கடுகளவு ஓட்டை போட்டதால் அதற்குச் சின்னவன் என்று பெயர் விழுந்தது. பெரியவன் என்று ஒருவன் முன்பே குளிர்பெட்டியில் இருந்தான். அவன் போடும் ஓட்டை பட்டாணி அளவு. பல பேரைப் பிழைக்கவைத்தவன்.

நுண்ணோக்கிப் படத்தில் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள். மூலைகள் கொண்ட தலை, குழாய் போன்ற உடம்பு, கீழே சிலந்திக்கு இருப்பது போல மெல்லிய கால்கள். அந்தக் கால் நுனியால்தான் பாக்டீரியாவின் தோலைத் தடவிப் பார்க்கும். தெரிந்த தோலாக இருந்தால்தான் உட்காரும், உள்ளே தன் டிஎன்ஏவை இறக்கும். தம்பியின் புண்ணில் இரண்டு வகைப் பாக்டீரியா இருந்தது. பெரும்பகுதி சின்னவனுக்கு மட்டுமே அடங்கியது. ஓரமாகக் கொஞ்சம் இருந்தது பெரியவனுக்கு அடங்கியது. அதனால் மருந்தில் இருவரும் வேண்டும்.

நோயாளியின் பாக்டீரியாவில் வைரஸை வளர்ப்பதில்லை. அது விஷம் கக்கும். அதற்கென்று சாதுவான ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் வைத்திருந்தார்கள். அதை எல்லோரும் மாடு என்பார்கள். தீனி போட்டு வளர்த்து, வைரஸைக் கறந்துகொள்வதால் அந்தப் பெயர். மாட்டின் மேல் பெரியவனும் உட்காருவான், சின்னவனும் உட்காருவான்.

ஒவ்வொருவனையும் தனித்தனிக் குடுவையில் வளர்த்து, தனித்தனியாகச் சுத்தம் செய்து, கடைசியில் ஊசிக் குப்பியில்தான் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சுத்தம் செய்யும் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒருவனைச் சுத்தம் செய்யவே ஒரு பகல் முழுக்கப் போகும். அப்புறம் அதைக் கழுவி ஆற வைக்க வேண்டும். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருவருக்கும் தனித்தனியாகச் செய்தால் டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிடும்.

ஆய்வகத் தலைவருக்குச் சொட்டு என்று பெயர். எதைக் கேட்டாலும் ஒரு சொட்டு போதும் என்பார். டீக்குச் சர்க்கரையும் அப்படித்தான், சம்பள உயர்வும் அப்படித்தான்.

"ரெண்டையும் ஒரே குடுவைல வளர்த்துட்டா என்ன சார்? ஒரே தடவைல சுத்தம் பண்ணிடலாம்," என்றாள் அக்கா.

சொட்டு தாடையைச் சொறிந்தார். "முன்னாடி பண்ணியிருக்கோமே. அந்தத் தீக்காயக்காரருக்கு. ஒரு சொட்டு அது, ஒரு சொட்டு இது. நல்லாத்தானே வந்துச்சு."

தீக்காயக்காரருக்குக் கொடுத்த வைரஸ்கள் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை. அது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா மாட்டை வளர்த்துப் பெரியவனையும் சின்னவனையும் ஒரே குடுவையில் விட்டாள். மாலைக்குள் கலங்கலாக இருந்த குடுவை தெளிந்துவிட்டது. மாடு முழுக்கத் தின்னப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தத் தெளிவைப் பார்க்கும்போது வழக்கமாக வரும் நிம்மதி அன்றும் வந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவை, அதிலிருந்து இன்னும் பெரிய குடுவை. போதுமான அளவு வரும்வரை கறந்தாள். விஷப் பரிசோதனையில் தேறியது. நோயாளியின் பாக்டீரியா மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் கடைசித் தட்டு மட்டும் பாக்கி. அதற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

அவள் தட்டையும் வைத்தாள், குப்பியையும் அன்றைக்கே வார்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு நாள் மிச்சம் என்று நினைத்தாள்.

நர்ஸ் புண்ணின் துவாரத்தில் மெல்லிய குழாயைச் செருகி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"குளுகுளுன்னு இருக்கு."

"இப்பத்தானே குளிர்பெட்டில இருந்து எடுத்தேன்."

"சும்மா இரு. உள்ள சண்டை நடக்குது. எனக்குத் தெரியுது."

அவன் மனைவி புண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மாலை கட்டு மாற்றும்போது, "சீழ் கொறைஞ்ச மாதிரி இருக்குல்ல அண்ணி?" என்றாள். அக்காவும் குனிந்து பார்த்துவிட்டு, குறைந்தது போலத்தான் இருக்கிறது என்றாள். பஞ்சின் நிறம் நேற்றைப் போலவேதான் இருந்தது.

மறுநாள் காலை அக்கா கைப்பையைக்கூடக் கழற்றாமல் தட்டை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பெரியவனுக்கு அடங்கும் பாக்டீரியாவின் மேல் ஓட்டைகள் இருந்தன. மற்ற பாதி, தம்பியின் காலில் பெரும்பகுதியாக இருந்த வகை, வழித்துப் பூசிய சுவர் போல வழவழவென்று இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை. தட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சார்," என்றாள்.

சொட்டு டீக் கோப்பையோடு வந்து பார்த்தார். "மாட்டு மேலயும் ஒரு சொட்டு விட்டியே, அது?"

"மாட்டு மேல ரெண்டு ஓட்டையும் இருக்கு. பட்டாணியும் இருக்கு, கடுகும் இருக்கு."

"அப்ப சின்னவன் இருக்கான்."

"இருக்கான். ஆனா என் தம்பி பாக்டீரியாவத் தொட மாட்டேங்குறான்."

கடுகளவு ஓட்டையிலிருந்து வைரஸை எடுத்து, டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சின்னக் கருவியில் விட்டார்கள். பிற்பகலில் விடை வந்தது. சாக்கடையில் பிடித்த சின்னவனின் வரிசை திரையில் மேலே, குடுவையில் கறந்த சின்னவனின் வரிசை கீழே. சொட்டு விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"தலை அவன் தலைதான். உடம்பும் அவனுதுதான்."

"கால்?"

சொட்டின் விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து கொஞ்ச தூரத்துக்கு இரண்டு வரிசையும் ஒத்துப்போகவில்லை.

"கால் நுனி பெரியவனோடது. நடுவுல புதுசா இன்னொண்ணும் இருக்கு. இதுவும் பெரியவன்கிட்ட இருந்து வந்ததுதான்."

அந்தப் புதிதாக வந்தது என்னவென்று தேடியபோதுதான் எல்லாம் புரிந்தது. பெரியவனிடம் ஒரு மரபணு இருந்தது. தலை கட்டவோ கால் கட்டவோ அது உதவாது. ஒரு நொதியை மட்டும் செய்யும். அந்த நொதி ஒரு கத்தரி. இருவரும் ஒரே பாக்டீரியாவுக்குள் நுழைந்துவிட்டால், கத்தரி சின்னவனின் டிஎன்ஏவில் ஒரே ஓர் இடத்தைத் தேடிப்போய் வெட்டும். பெரியவனிடம் அதே இடத்தில் அந்த மரபணுவே குடியிருப்பதால் கத்தரி அவனைத் தொடாது. வெட்டுப்பட்டவன் பிழைக்க வேண்டுமென்றால் அறுந்ததைச் சேர்க்க வேண்டும். சேர்க்க ஒரு மாதிரி வேண்டும். பக்கத்தில் இருப்பவன் பெரியவன். அவனைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது கத்தரி மரபணுவும் வந்துவிடும், அதற்கு அக்கம்பக்கத்தில் இருப்பதும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அக்கம்பக்கத்தில் இருந்தது கால் நுனி. எழுதிக்கொண்ட பிறகு சின்னவனிடமும் கத்தரி இருக்கும். அவன் பிள்ளைகள் அடுத்த சின்னவனை வெட்டும். இப்படித்தான் அந்த மரபணு வைரஸ் விட்டு வைரஸ் போகிறது.

மாட்டின் மேல் உட்கார எந்தக் காலானாலும் சரி. அதனால் குடுவைக்குக் குடுவை பழைய கால் குறைந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்க வழியில்லாமல் போயிற்று.

"தீக்காயக்காரருக்கு இப்படி ஆகலையே," என்றார் சொட்டு.

"அதுங்க வேற வேற ஜாதி வைரஸ் சார். எழுத்து ஒத்துப்போனாத்தானே வெட்டவும் முடியும், பாத்து எழுதவும் முடியும். இதுங்க சொந்தம்."

சொட்டு பிற்பகல் டீயைத் தொடாமலே தள்ளி வைத்தார். ஆடை கட்டிப் போயிருந்தது.

"சாக்கடைல பிடிச்ச பழைய சின்னவன் இருக்கானா?"

"அரைக் குழாய் இருக்கு."

"தனியா வளர்க்க, கறக்க, சுத்தம் பண்ண, விஷம் பாக்க..."

"அடுத்த வாரம் ஆயிடும்."

குலுக்கும் இயந்திரம் காலிக் குடுவையை வைத்துக்கொண்டு தடதடத்தது. சொட்டு எழுந்துபோய் அதை நிறுத்தினார்.

"இதையெல்லாம் வார்டுல விளக்கணுமா? மருந்து கேக்கலன்னு மட்டும் சொல்லு. அது பொய் இல்ல. மருந்து கேக்காமப் போறது நடக்கிறதுதான்."

அக்கா பழைய சின்னவனைப் புதுக் குடுவையில் விட்டாள். தனியாக. குடுவையின் மேலும் அதையே பேனாவால் பெரிதாக எழுதினாள். அப்புறம் வார்டுக்குப் படியேறினாள்.

ஏறும்போது அவளை வேறொன்று உறுத்தியது. மருந்து கேட்கவில்லை என்று மட்டும் சொன்னால் தம்பி மறுபேச்சில்லாமல் காலைக் கொடுத்துவிடுவான். குடுவையில்தான் தப்பு, வைரஸ் நல்லதுதான், தனியாக வளர்த்தால் வேலை செய்யும் என்று சொன்னால் அதற்காகக் காத்திருக்கிறேன் என்பான். அவனைத் தெரியும் அவளுக்கு. உண்மையைச் சொன்னால் அந்த உண்மையே அவனைக் கொன்றுவிடக்கூடும்.

வார்டில் அவனுக்கு உதறல் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு போர்வைக்கு மேல் மூன்றாவதைப் போர்த்திக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. எலும்பு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, தாளை அக்காவிடம் நீட்டித் தலையை மட்டும் அசைத்தார். ரத்தத்தில் ஏறியிருந்தது.

அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரியைப் பற்றியும், ஒரே குடுவையில் வளர்த்தது தன் யோசனை என்பதையும், தட்டின் முடிவுக்குக் காத்திராமல் குப்பியைக் கொண்டுவந்ததையும். டாக்டர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அவன் மனைவிதான் முதலில் பேசினாள்.

"சொந்தம்னு சேத்து வச்சீங்க. ஒண்ணு இன்னொண்ணோட காலை வெட்டிடுச்சு."

"ஆமா."

"அதுக்கு நுண்ணோக்கி எதுக்கு அண்ணி? எங்க வீட்டைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி பற்கள் அடித்துக்கொள்ள, "அப்ப சரியானது இருக்கு," என்றான்.

"இருக்கு. இப்பத்தான் வளர்க்க வச்சிட்டு வரேன்."

"எப்ப வரும்?"

"அடுத்த வாரம்."

"அப்ப நான் இருக்கேன். கெடுத்தவ நீ. நீயே சரி பண்ணு. அதுவரைக்கும் யாரும் என் காலைத் தொடக் கூடாது."

"சரி பண்ணிடுவேன்டா. ஆனா அது வர்றப்ப நீ இருக்க மாட்டே."

"டாக்டர் சொல்லச் சொன்னாங்களா?"

"ரத்தத்துல ஏறிடுச்சு. நானே பாத்தேன்."

"நேத்து கொறைஞ்சிருக்குன்னு சொன்ன."

"நேத்து பொய் சொன்னேன். பஞ்சு அப்படியேதான் இருந்துச்சு."

அவன் அவளையே பார்த்தான். காய்ச்சலில் கண் வெள்ளை மஞ்சளடித்திருந்தது. பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்று அவளைக் கேட்டான்.

"நான் சொன்னா நாளைக்கு நீ என்னைத்தான் சொல்லிக் காட்டுவே. உங்க அக்காவையே சொல்லச் சொல்லு. அவங்க வாயால வரட்டும்."

வார்டில் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா தம்பியின் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கொடுக்கவில்லை.

"எடுத்துடச் சொல்லு," என்றாள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பெயின்ட் உரிஞ்சிருக்கு," என்றான். "ஈரச் சுவர்ல அடிச்சிருக்கானுங்க. அவசரம்." அப்புறம் டாக்டரிடம் சரி என்றான்.

அன்றைக்கே முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வெட்டிய இடமும் ஆறவில்லை. அதே பாக்டீரியா தையல் வழியாகக் கசியத் தொடங்கியது. டாக்டர் தாழ்வாரத்தில் அக்காவைப் பார்த்து, "உங்களோடது எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார்.

சின்னவன் வந்தான். தனிக் குடுவையில் வளர்ந்து, தனியாகச் சுத்தமாகி, கடைசித் தட்டில் கடுகு கடுகாய் ஓட்டை போட்டுவிட்டுத்தான் வந்தான். அக்கா தட்டையும் குப்பியையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். தம்பியின் மனைவி நர்ஸை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இது தனியா வளர்ந்ததா?"

"தனியா."

"பெரியவன்?"

"அவன் வேற குப்பில இருக்கான். சாயங்காலம் குடுப்போம். ரெண்டும் ஒண்ணா உள்ள போகாது."

"தட்டைக் காட்டுங்க."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வார்டு வாசலில் அக்கா அப்படிப் பிடித்துப் பார்த்ததைக் கவனித்திருந்தாள். ஓட்டைகளை நன்றாகப் பார்த்த பிறகுதான் வழிவிட்டாள்.

மருந்து வேலை செய்தது. முதலில் காய்ச்சல் விட்டது. அப்புறம் பஞ்சு வெளுத்தது. தையல் ஓரம் காய்ந்து சுருங்கியது. சொட்டு வார்டுக்கே வந்து பார்த்துவிட்டு, அபாரம் என்று ஆரம்பித்து, தட்டையாகக் கிடந்த போர்வையைப் பார்த்ததும் பாதியில் விட்டார்.

அவர் அந்தக் கலப்புக் குப்பியை எறியச் சொல்லவில்லை. அதுவும் புது வகைதானே, யாருக்காவது பொருந்தும் என்றார். அக்கா அதைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தாள். அதற்கு ஆய்வகத்தில் இன்னும் செல்லப்பெயர் விழவில்லை. எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

தம்பி வீட்டுக்குப் போன பிறகும் மருந்து கொஞ்ச நாள் தொடர வேண்டியிருந்தது. அக்கா தினமும் வேலை முடிந்து அங்கே போவாள். ஒரே அறை. சுவரோரம் அவன் பெயின்ட் அடிக்கும் உருளைகள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அவன் மனைவி கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைப்பாள். வேறெதுவும் பேசுவதில்லை. கேலியும் இல்லை. கூரை ஒழுகுகிறது என்றுகூடச் சொல்வதில்லை. அக்கா குப்பியின் மூடியைத் திறக்கப் போகும்போது மட்டும் அவள் கை குறுக்கே வரும்.

"தனியா வளர்ந்ததா?"

"தனியா."

அப்புறம்தான் கை விலகும். தினமும் இதே கேள்வி, இதே பதில். கேள்வியில் கோபம் இல்லை. கதவைப் பூட்டியாயிற்றா என்று கேட்பது போலத்தான் கேட்பாள். அதுதான் அக்காவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கடைசிக் குப்பியைக் கொண்டுபோன அன்று மழை. கூரை ஒழுகி மூலையில் வாளி வைத்திருந்தார்கள். அக்கா உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். தையல் வெள்ளைக் கோடாகி, மருந்து இறக்க விட்ட கடுகளவு துவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. குப்பியை எடுத்தாள். கை குறுக்கே வந்தது.

"தனியா..." என்று அவன் மனைவி தொடங்குவதற்குள், தம்பி கண்ணை மூடியபடியே, "தனியாத்தான்," என்றான். "ஊத்து."

அக்கா சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். வாளியிலும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஊற்றி முடித்ததும் அவன் மனைவி காலிக் குப்பியை வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, அக்காவின் பைக்குள் போட்டாள்.

"நாளைக்கு வர வேண்டியதில்லல்ல அண்ணி?"

"வேண்டியதில்ல," என்றாள் அக்கா.